ஒரு நாவல், ஐந்து வீடு: படித்ததைப் பேசிப் பகிரச் சில குறிப்புகள்

சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வண்டி வருவதற்குள் நாலு பக்கம், ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு பத்துப் பக்கம் என்று நாவல் படிக்கிற தோழிகளுக்காக இது. படித்ததைப் பேச ஆள் கிடைத்துவிட்டால் அதே புத்தகம் இன்னும் ருசிக்கும். அதிகம் செலவில்லாமல், வீட்டு வேலையும் கெடாமல் அப்படிப் பேசிக்கொள்ளச் சில வழிகள் இதோ.

1. ஐந்து வீடு சேர்ந்தால் ஆளுக்கொரு நாவல் வாங்கினாலே போதும், ஐந்து நாவல் படித்துவிடலாம். புத்தகத் திருவிழாவில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு என்பதால், விருதுநகரில் நடக்கும்போது ஒருவரிடமே பட்டியலைக் கொடுத்து அனுப்புங்கள்.

2. ஆடிப்பெருக்குக்குச் சிவகாசி அச்சகங்கள் வெளியிடும் காலண்டர் ஆல்பம் பழசானதும் எடைக்குப் போடாதீர்கள். அந்த வழவழப்பான கெட்டித் தாளை அச்சில்லாத பக்கம் வெளியே தெரிய அட்டை போட்டால், ஐந்து வீடு சுற்றி வந்தாலும் புத்தகம் கசங்காது. வெள்ளைப் பக்கத்தில் யார் யார் படித்தாயிற்று என்று எழுதிக்கொள்ளலாம்.

3. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள்தான் நமக்கு அடையாளச் சீட்டு. பிடித்த இடம், கோபம் வந்த இடம் எதுவானாலும் பக்க எண்ணோடு ஒரு வரி எழுதி அங்கேயே செருகிவிடுங்கள். என்றைக்குப் படித்தோம் என்பதைத் தாளில் இருக்கிற தேதியே சொல்லிவிடும். அடுத்து வாங்கிப் படிக்கிறவருக்கு உங்கள் கருத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

4. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்துக்கும் ஒரே செட் போதும். முதல் பாகத்தை முடித்த வீடு அதை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டு இரண்டாம் பாகத்தை எடுக்கட்டும். முதல் வீடு ஐந்தாம் பாகத்துக்கு வரும்போது கடைசி வீடு முதல் பாகத்தில் இருக்கும். கடைசி வீடு எதுவரை படித்திருக்கிறதோ அதுவரைதான் வாய் திறக்கலாம் என்று முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சண்டைதான் வரும்!

5. புதிதாகப் படிக்க வருகிறவர் கையில் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுங்கள். 1982-ல் வந்த சின்ன நாவல். ‘அசுரன்’ படம் இதிலிருந்து எடுத்ததுதான். எல்லோரும் படம் பார்த்திருப்பதால், “படத்தில் இருப்பது நாவலில் எங்கே இல்லை? நாவலில் இருப்பது படத்தில் எங்கே விட்டுப்போச்சு?” என்று கேட்டாலே பேச்சு தானாகக் கிளம்பிவிடும். அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற அந்த நாட்களை எழுத்தில் படிக்கும்போது நெஞ்சு இன்னும் கனக்கிறது என்பேன் நான்.

6. அதே பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரமும் அதில் வருவதால் நம்ம பக்கத்து ஆட்கள் அவசியம் படிக்க வேண்டியது. தீபாவளிச் சீசனில் தொடாதீர்கள். பண்டிகை முடிந்து வேலை மட்டுப்படுகிற வாரங்களில் ஆரம்பித்து, வாரம் நூறு பக்கம் என்று பிரித்துப் பேசினால் மலைப்பே இருக்காது.

7. “நல்லா இருக்கு”, “போரடிக்குது” இரண்டையும் தடை செய்யுங்கள். எந்தப் பக்கம், எந்த ஆள், ஏன் என்று மூன்றைச் சொன்னால்தான் கருத்து.

8. பிடிக்காதவரை முதலில் பேச விடுங்கள். புகழ்ந்து பேசியவர்களுக்குப் பிறகு, “எனக்கு ஒட்டவே இல்லை” என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. உள்ளதைச் சொல்ல முடிகிற இடமாக இருந்தால்தான் அடுத்த வாரமும் ஆள் வரும்.

9. கண் பார்வை மங்கிய அப்பத்தாவையும் கூட்டி உட்கார வையுங்கள். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் வருகிற பூட்டி மங்கத்தாயாரைப் பற்றி வாய்விட்டு வாசித்தால், தன் ஊர்க் கதை பத்தை அவரே எடுத்துவிடுவார். பட்டாசுக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டுகிற கைகளுக்கும் இப்படி வாசிப்பது நல்ல துணை. ஒருவர் வாசிக்க நாலு பேர் வேலையைப் பார்க்கலாம்.

10. கரிசல் நாவலில் புரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் தேட வேண்டாம், பெரியவர்களிடம் கேளுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

11. தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கூட்டுக் குஞ்சுகள்’ நம் வீட்டுக் கதை. அவர் எழுத்துகளைத் தமிழக அரசு 2009-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், வாங்குவதற்கு முன் இணையத்தில் இலவசமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைப் பேசும்போது, அந்தக் காலத்தில் வேலைக்குப் போன அக்காமார்களை முதலில் பேசச் சொல்வதுதான் முறை. வெளியிலிருந்து வந்து எழுதியவர் எதைச் சரியாகப் பிடித்தார், எதை விட்டார் என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

12. சோ. தர்மனின் ‘சூல்’ கண்மாயைப் பற்றியது. 2019-ல் சாகித்திய அகாடமி விருது வாங்கியது. மழைக்கு முன்னால் படியுங்கள். பேசி முடித்த கையோடு, நம்ம ஊர்க் கண்மாயில் எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

13. மல்லாங்கிணறு ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கை. கோயில் கொடை நெருங்கும்போது எடுத்தால், மேளச் சத்தம் காதில் விழுகிற நேரத்தில் பேச்சும் சூடு பிடிக்கும்.

14. நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைய வேண்டாம். சிவகாசிக்கு வேறு வேலையாகப் போகிறவரிடம் எல்லாப் புத்தகத்தையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுக் கொடுங்கள். கெடு தேதியை அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் அபராதம் மிச்சம்.

15. சாத்தூர் சேவு இல்லாமல் நம் பேச்சு நடக்காது; ஆனால் புத்தகத்தை மூடிய பிறகே தட்டை எடுங்கள். அப்படியும் எண்ணெய் பட்டுவிட்டால், கறை மேல் முகப்பவுடரைத் தூவி, தாளுக்கு அடியிலும் மேலும் வெள்ளைக் காகிதம் வைத்து, ஒரு ராத்திரி அம்மிக் குழவியைப் பாரமாக வையுங்கள். காலையில் தட்டிவிட்டால் பாதிக்கு மேல் மங்கியிருக்கும்.

16. கட்டிக்கொடுத்து வெளியூர் போன தோழிக்கு ஒரு நிமிடக் குரல் பதிவில் கருத்தை அனுப்புங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தப் புத்தகம் அடுத்த பஸ்ஸில் அவளுக்குத்தான் போகப்போகிறது.