ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாள்

ஆங்கில ஆசிரியர்களுக்கு விடுமுறைப் பயிற்சி என்றதும் மலையகத்தில் எவருக்கும் ஒரே ஏற்பாடுதான் நினைவுக்கு வரும். ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், வெளியூரிலிருந்து வந்த வளவாளர், பத்து மணிக்குப் பிளேன்டீயும் பணிசும், கடைசி நாள் பின்னேரம் சான்றிதழ். வளவாளர் திறமைசாலியாகத்தான் இருப்பார். அவர் சொல்வதிலும் பிழை இராது. ஆனாலும் பாடசாலை திறந்து இரண்டு கிழமைக்குள் வகுப்பறை பழையபடி ஆகிவிடும். ஆசிரியர் வாசிப்பார், பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள், கரும்பலகையில் இருப்பது கொப்பிக்குப் போகும். ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. கோளாறு பயிற்சி அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஹல்துமுல்லை போன்ற இடத்தில் ஆகஸ்ட் விடுமுறையில் கிடைக்கும் சில நாட்களை ஆசிரியர்கள் அடுத்த தவணைப் பாடங்களைக் கூடித் தயாரிக்கவும், ஒருவர் முன் ஒருவர் நடத்திப் பார்த்துத் திருத்தவும் ஒதுக்க வேண்டும். பிறகு அந்தப் பாடங்களைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர் வகுப்பறைக்கே வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பயிற்சிக்குச் செலவழியும் காசில் பாடசாலைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது மேல்.

மூன்று விடுமுறைகளில் ஆகஸ்ட்தான் இதற்குத் தோதானது. ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டுக்கு உரியது. டிசம்பரில் அடுத்த ஆண்டு யாருக்கு எந்த வகுப்பு என்பதே முடிவாகியிராது, போதாததற்கு மழை. ஒக்டோபர் தொடங்கி ஆண்டு முடியும்வரை இந்தச் சரிவுகளை நம்ப முடியாது என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவுக்குப் பிறகு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் கொஸ்லந்தையிலும் பூணாகலையிலும் பாடசாலைகளே இடம்பெயர்ந்தோர் முகாம்களாயின. ஆகஸ்டில் கச்சான் காற்று வீசும், பாதை காய்ந்திருக்கும், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் பருவமும் அதுதான். இவை எல்லாவற்றையும்விட வலுவான காரணம் ஒன்று உண்டு. மூன்றாம் தவணையில் அதே ஆசிரியர் அதே பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். விடுமுறையில் தயாரித்த பாடத்தைச் சில வாரங்களுக்குள் நடத்திப் பார்த்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு தவணைக் கலண்டர் குழம்பி, ஆகஸ்ட் விடுமுறை சில ஆண்டுகளில் மிகவும் சுருங்கிவிட்டது. ஆகவே மூன்று வாரப் பயிற்சி என்று ஆசைப்படுவதில் பொருளில்லை; ஐந்து நாள் கிடைத்தால் போதும்.

ஆசிரியர்களைக் கூட்டமாகப் பயிற்றும் முயற்சிக்குத் தமிழ் மண்ணிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலம், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, தொடக்கநிலையில் ஆங்கிலம் படிப்பித்த 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்த முனைந்தது. சிலரைப் பயிற்றி, அவர்களைக் கொண்டு பலரைப் பயிற்றும் முறை என்பதால் அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே பேர் வந்தது. காகிதத்தில் இந்தக் கணக்கு மிக அழகானது. இடர்ப்பாடு படிக்குப் படி இறங்கும்போது வருகிறது. முதற் படியில் செய்து காட்டியதை இரண்டாம் படியில் விளக்குவார்கள், மூன்றாம் படியில் குறிப்பாகக் கொடுப்பார்கள், கடைசியில் தோட்டப் பாடசாலை ஆசிரியரின் கைக்கு ஒரு போட்டோகொப்பி வரும். இலங்கையில் 1990களின் பிற்பகுதியில் நடந்த ஆரம்ப ஆங்கில மொழித் திட்டமும் இதே அடுக்குமுறையில்தான் போனது. அதைப் பற்றி 2000ஆம் ஆண்டில் எழுதிய டேவிட் ஹேய்ஸ், அடுக்குமுறையை மட்டும் பழிப்பது சரியல்ல, அதை நடத்தும் விதமே தீர்மானிக்கிறது என்றார். பயிற்சி பெறுபவர் செய்து பார்த்துக் கற்க வேண்டும், கேட்டதைத் தம் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும், நிபுணத்துவம் மேலிடத்தில் மட்டும் தேங்காமல் எல்லா மட்டத்திலும் பரவ வேண்டும், பொறுப்பையும் பகிர வேண்டும் என்பன அவர் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை. 2009இல் ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிக்கும் ஜனாதிபதித் திட்டம் வந்தது. பயிற்றுநர்கள் ஹைதராபாத் போய்ப் பயின்றார்கள், பேராதனையில் இலங்கை-இந்திய நிலையம் தொடங்கியது, பேச்சுக்கு முதலிடம் கிடைத்தது. நோக்கம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் பாதை மாறவில்லை.

பயிற்சியில் கேட்டது வகுப்பறைக்குப் போய்ச் சேர என்ன வேண்டும் என்பதை அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார்கள். விரிவுரையும் செய்முறை விளக்கமும் ஆசிரியருக்கு அறிவைத் தருகின்றன. பயிற்சிக்குப் பிறகு பக்கத்தில் நின்று கைகொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் அந்த அறிவு வகுப்பறைக்குள் வருவதில்லை என்பது அவர்கள் கண்டது. அவர்கள் பெயரில் பின்னாளில் புழங்கும் சதவீதங்களை நான் வேதவாக்காக எடுப்பதில்லை. போக்கு சரி என்பதில் ஐயமில்லை. நமக்குக் கிட்டிய சான்று என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பாடசாலைகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம். இலக்கண விதியை விளக்காமல், பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசித்துத் தீர்க்க வேண்டிய பணிகளை அங்கே கொடுத்தார்கள். ரயில் நேர அட்டவணையைப் பார்த்து விடை காண்பது அப்படி ஒரு பணி. பணிகளின் புதுமையைவிட என்னை ஈர்ப்பது வேறொன்று: சக ஆசிரியர்கள் பாடத்தைப் பார்த்தார்கள், முடிந்ததும் அதைப் பற்றிப் பேசினார்கள், எடுபட்ட பாடத்தை வைத்துக்கொண்டு எடுபடாததைக் கைவிட்டார்கள். பாடத்திட்டமே அப்படித்தான் உருவாகி வந்தது.

ரயில் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஹப்புத்தளை நிலையம் இங்கிருந்து தூரமில்லை. பொடி மெனிக்கேயும் உடரட்ட மெனிக்கேயும் எப்போது வரும், எப்போது பதுளை போய்ச் சேரும் என்பதை வைத்துத் தரம் 7க்கு ஒரு பாடம் போடலாம். முதல் தடவை நடத்தும்போது ஏறக்குறைய எல்லோரும் செய்வது இதுதான்: அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, பத்து நிமிடம் விளக்கி, "அண்டர்ஸ்டான்ட்?" என்று கேட்பார்கள். "யெஸ் டீச்சர்" என்று வகுப்பே சொல்லும். பின்வாங்கில் இருக்கும் சக ஆசிரியரின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். கூட்டாகச் சொன்னதை விட்டு, ஒரு பிள்ளை தானாகச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதில் ஒரு கோடு போட வேண்டும். இந்தப் பாடத்துக்கு அந்தத் தாள் வெறுமையாகவே இருக்கும். இப்போது அதே அட்டவணையை இரண்டு துண்டாக்குங்கள். புறப்படும் நேரங்கள் ஒரு பிள்ளையிடம், போய்ச் சேரும் நேரங்கள் பக்கத்துப் பிள்ளையிடம். மற்றவரின் தாளைப் பார்க்கக் கூடாது, கேட்டு நிரப்ப வேண்டும். "வட் டைம் டஸ் இட் லீவ் ஹப்புத்தளை?" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் முன்கூட்டிப் பழக்கினால் போதும். தாளில் கோடுகள் விழத் தொடங்கும். கொழுந்து நிறுவையை வைத்தும் இப்படிச் செய்யலாம். மூன்று பேர் எடுத்த கொழுந்து, ஒவ்வொரு நிறுவையிலும் இத்தனை கிலோ, கழிவு இத்தனை, மிச்சம் எவ்வளவு? பாடநூலில் வரும் சுப்பர்மார்க்கட் பட்டியலைவிட இந்தக் கணக்கு தோட்டத்துப் பிள்ளைக்கு நன்றாக விளங்கும். கழிவைப் பற்றி அதற்கு அபிப்பிராயமும் இருக்கும். அபிப்பிராயம் உள்ள பிள்ளை பேசும். ஐந்து நாளில் முதல் நாளைப் பாடங்களைத் தெரிவுசெய்ய ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபது பிள்ளைகளைக் காலையில் வரவழைக்கலாம். மதியச் சாப்பாடு கொடுத்தால் சந்தோசமாக வருவார்கள். சக ஆசிரியர்களைப் பிள்ளைகளாக நடிக்க வைக்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. எந்த ஆசிரியரும் பிள்ளையைப் போலத் தடுமாறிக் காட்ட மாட்டார்.

ஆசிரியர்களுக்கே ஆங்கிலம் தடுமாறுகிறது, முதலில் மொழியைக் கற்பியுங்கள் என்பார்கள். தடுமாற்றம் இருப்பது உண்மை. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசிடம் வரத் தொடங்கின. முறையாகப் பயின்ற ஆசிரியர்கள் வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. ஆனால் பத்தனை ஸ்ரீபாதவிலோ பிந்துனுவெவயில் உள்ள ஊவா தேசியக் கல்வியியற் கல்லூரியிலோ மூன்றாண்டுகளில் வளரும் மொழித்திறனை ஐந்து நாள் கருத்தரங்கு தரப்போவதில்லை. நாளைக்கு நடத்தப்போகும் பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தரலாம்: அந்தப் பாடத்தின் கட்டளைகள், கேள்விகள், பிள்ளை பிழையாகச் சொன்னால் திருப்பிச் சொல்லும் விதம். பாடத்தை மூன்று தடவை நடத்திப் பார்ப்பவருக்கு அந்த வாக்கியங்கள் நாக்கில் ஏறிவிடும். பாடத்துக்கு இடையில் தமிழ் வந்தால் வரட்டும், எண்ணுவது பிள்ளையின் வாக்கியங்களைத்தான். கூச்சம் இன்னொரு தடை. நகரத்துப் பாடசாலை ஆசிரியரின் சரளத்துக்கு முன்னால் தோட்டத்து ஆசிரியை வாய் திறக்கத் தயங்குவார். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆலோசகரே முதலில் வகுப்பு எடுத்து, அவரது பாடத்துக்கும் தாளில் கோடு போடச் சொல்வது.

விடுமுறை ஆசிரியரின் உரிமை என்ற ஆட்சேபணையை நான் முழு மனதோடு மதிக்கிறேன். மலையகத்தில் 2015 அளவில் நியமனம் பெற்ற உதவி ஆசிரியர்கள் முதலில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு வேலை செய்தவர்கள். அவர்களிடம் போய் அர்ப்பணிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு எவருக்கும் முகம் இருக்கக் கூடாது. வீடும் பிள்ளைகளும் ஆசிரியைகளின் தலையில் இருக்கின்றன. பலருக்கு விடுமுறையில்தான் ஊருக்குப் போக முடியும். எனவே பயிற்சி தவணை முடிந்த கையோடு நடக்க வேண்டும், பகல் ஒன்றரை மணியோடு முடிய வேண்டும், விரும்பியவர் வந்தால் போதும். பஸ்ஸும் ஆட்டோவும் பிடித்து வரும் செலவை அன்றன்றே கையில் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் வவுச்சரை நம்பி எவரும் பெரகலைச் சந்தியில் ஆட்டோ பிடிக்க மாட்டார். இந்த மணித்தியாலங்கள் ஆசிரியர் சேவையின் பதவியுயர்வுக்கான வாண்மைத்துவ விருத்தியில் சேர்ந்தால் இன்னும் நல்லது.

சூமில் நடத்திவிடலாமே, செலவு மிச்சம் என்று யோசனை சொல்பவர்கள் 2021ஐ மறந்துவிட்டார்கள். ஊவாவின் போஹிட்டியாவவில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டு வழி நடந்து பாறை ஏறிய படங்கள் அந்த ஆண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போயின. சிக்னல் இப்போது கொஞ்சம் மேலானாலும், இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கோடு போட முடியாது. வாட்ஸ்அப் குழுவுக்கு வேறு உபயோகம் உண்டு: தவணை நடக்கும்போது பாடத்தாளைப் படமெடுத்து அனுப்பலாம், சந்தேகம் கேட்கலாம். வாழ்த்துப் படங்கள் குழுவை நிரப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடமாற்றம் பற்றிய கவலையும் நியாயமானது. இன்று பயிற்றுவித்தவர் அடுத்த ஜனவரியில் வேறு வலயத்துக்குப் போய்விடலாம். தயாரித்த பாடங்களை ஆசிரியரின் பையில் மட்டும் விடாமல் ஒரு பிரதி அதிபரின் அலுமாரியில் கோவையாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான். புதிதாக வருபவர் வெறுங்கையோடு தொடங்க மாட்டார். பல வகுப்புகளைத் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபத்தில் நடத்தும் பாடசாலைகளுக்குக் கோவையில் தனிக் குறிப்பு வேண்டும், ஏனென்றால் பக்கத்து வகுப்பின் கணித பாடத்தைக் குழப்பாமல் சோடியாகப் பேசவைப்பதே அங்கே தனிக் கலை. ஆலோசகரின் வருகையை எவரும் மேற்பார்வையாக எண்ணிப் பயப்படாமலிருக்க, அவர் படிவம் ஏதும் கொண்டுவரக் கூடாது. ஆகஸ்டில் சேர்ந்து செய்த பாடத்தை மட்டும் பார்த்து, கோடு போட்ட தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். செப்டெம்பரில் ஒரு தடவை, ஒக்டோபர் மழை பிடிக்கும் முன் இன்னொரு தடவை. இந்த இரண்டு வருகைக்கான பயணச் செலவைப் பயிற்சியின் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதி ஒதுக்கிய பிறகுதான் மண்டபத்தை முன்பதிவு செய்ய வேண்டும்.