பெயரைக் கேட்டதும் கதவைத் திறக்கும் போன்: தங்கச்சிக்கு அக்காவின் வைஃபை டிப்ஸ்

தங்கச்சி, ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நான் பட்ட பாட்டை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மாமா தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தார். நான் பூக்கடையில் மாலையை வாங்கிக்கொண்டு க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தேன். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றபாடில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. பணம் போய்விட்டதா, போகவில்லையா, மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை பிடித்துவிடுமா என்று ஒரே பதற்றம். பக்கத்தில் நின்ற பையன் என் போனை எட்டிப் பார்த்து, "அக்கா, வைஃபையை அணைங்க" என்றான். அணைத்தேன். அடுத்த நொடியே பணம் போய்ச் சேர்ந்தது.

நடந்தது இதுதான். சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே ஒரு லாட்ஜில் தங்கினோம் இல்லையா? அன்று போட்ட வைஃபை பாஸ்வேர்டை போன் மறக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து அந்தத் தெருவில் கால் வைத்ததும், என்னைக் கேட்காமலே அந்த லாட்ஜ் வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டது. சுவருக்கு வெளியே சிக்னல் நூலாகத்தான் வருகிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருந்த மொபைல் டேட்டாவை ஒதுக்கிவிட்டது.

போன் தானாக வைஃபையில் இணைவது எப்படி என்று தெரிந்துகொண்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஒருமுறை இணைந்த வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, பூட்டின் வகை (பாதுகாப்பு முறை) மூன்றையும் போன் எழுதி வைத்துக்கொள்ளும். அதே பெயர், அதே பூட்டு எங்கே தென்பட்டாலும் சேர்ந்துவிடும். இடத்தைப் பார்க்காது. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருப்பதால், அது தெரியாத ஒருவன் அதே பெயரில் ஒன்றை வைத்தாலும் போன் உள்ளே போகாது. பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபைக்கு அந்தக் காவல் கிடையாது. பெயர் ஒன்று போல இருந்தால் போதும். ராத்திரி வாசலில் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டதும் யார் என்று பார்க்காமல் தாழ்ப்பாளைத் திறப்பது போலத்தான் அது. லாட்ஜில் பாஸ்வேர்டை அச்சடித்து வரவேற்பில் ஒட்டியிருந்தால் அதுவும் ஏறக்குறைய திறந்த கதவுதான். ஊருக்கே தெரிந்த சாவி அது.

அதனால் என் கணக்கு இதுதான்: சொந்த வீடு, அம்மா வீடு, வேலை பார்க்கும் இடம், இந்த மூன்றுக்கு மட்டும் தானாக இணையட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் நாமே கையால் இணைப்போம்.

செய்வது சுலபம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொடு. 'ஆட்டோ கனெக்ட்' என்று இருக்கும். சாம்சங்கில் 'ஆட்டோ ரீகனெக்ட்' என்று இருக்கும். அதை அணைத்துவிடு. ஐபோனில் பெயருக்குப் பக்கத்து 'ஐ' எழுத்தைத் தொட்டால் 'ஆட்டோ-ஜாயின்'. இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்றால் 'ஃபர்கெட்' கொடுத்து அழித்துவிடு. பழைய பெயர்கள் மொத்தமும் 'சேவ்டு நெட்வொர்க்ஸ்' என்ற பட்டியலில் கிடக்கும். என் போனில் பார்த்தபோது மதுரை ஆஸ்பத்திரி, திருச்சி கல்யாண மண்டபம் என்று வரிசையாக இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன இடங்கள்!

வீட்டு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நீ அதிகம் அலைக்கழிகிறாய். உன் வீட்டில் ரவுட்டர் மாற்றினார்களே, அன்று டிவி, மாமியார் போன், பிள்ளைகள் போன், கேமரா என்று ஒவ்வொன்றிலும் புது பாஸ்வேர்டு போட்டுப் போட்டு நீ அழாத குறை. இனி ரவுட்டர் மாற்ற வருபவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லு: "பழைய பெயரையே வைங்க, பழைய பாஸ்வேர்டையே வைங்க." பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளிகூட மாறக் கூடாது. பூட்டின் வகையும் பழையபடி இருந்தால், வீட்டிலுள்ள எல்லாமே பழைய ரவுட்டர் என்று நினைத்துத் தானாக வந்து சேர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொடுக்கச் சொல்லு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 பின்கட்டு வரைக்கும் வரும். பெயர் ஒன்றாக இருந்தால் எது தோதோ அதைப் போனே பிடித்துக்கொள்ளும்.

விருந்தாளி வந்தால் பாஸ்வேர்டை வாயால் சொல்லாதே. ஆண்ட்ராய்டு 10 முதல், அதே பல்சக்கரத்துக்குள் 'ஷேர்' கொடுத்தால் க்யூஆர் படம் வரும். அவர்கள் ஸ்கேன் செய்தால் முடிந்தது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் உன் வீட்டுக்காரரைப் பார்க்க வருகிற கூட்டாளிகளுக்கு ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை தனியாகத் திறந்து வைப்பது இன்னும் நல்லது. அதன் பாஸ்வேர்டை மாற்றினால் வீட்டு போன்களுக்கு ஒன்றும் ஆகாது.

கரண்ட் போய் வந்த உடனே "நெட் இல்லை" என்று பதறாதே. ரவுட்டர் எழுந்து, ஃபைபர் லைன் பிடித்து நிற்கச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் போன் வைஃபையில் ஒட்டிக்கொண்டு வெறுமனே நிற்கும். ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால் இந்த இழுபறி இருக்காது. அதோடு, நம் ஊர் உப்புக் காத்து கேட்டையே தின்கிறது. ரவுட்டரை ஜன்னல் ஓரத்தில் வைக்காதே.

இப்போது வெளியூர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும் வரை, மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினோம். இப்போது உன் மகன் ராமேஸ்வரத்திலேயே ஏறி மதுரைக்குப் போகிறான். ஸ்டேஷன்களில் ரயில்டெல் நடத்தும் ரயில்வயர் வைஃபையைப் பற்றி அவனுக்குச் சொல்லிக் கொடு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இப்போது 6,000 ஸ்டேஷன்களுக்கு மேல் இருக்கிறது. இணைந்ததும் திறக்கும் பக்கத்தில் மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும். நாளுக்கு முதல் 30 நிமிஷம் இலவசம். எண்ணும் ஓடிபியும் கேட்பது அரசு விதி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் கார்டு எண்ணையோ, ஆதாரையோ, யுபிஐ பின்னையோ இலவசத்துக்காகக் கேட்டால் அது ரயில்வே பக்கம் இல்லை, யாரோ போட்ட தூண்டில். உடனே வெளியே வந்துவிட வேண்டும். வங்கி ஆப்கள் அனுப்புவதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. பொது வைஃபையில் பேலன்ஸ் பார்த்த உடனே பணம் போய்விடும் என்பது மிகைப்பட்ட பயம். போலிப் பக்கத்தில் நாமே எழுதிக் கொடுப்பதுதான் ஆபத்து. அப்படி ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேச வேண்டும்.

மத்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம் எனக்குப் பிடித்தது. டீக்கடை, மளிகைக்கடைகூட லைசென்ஸ் எடுக்காமல் வைஃபை கொடுக்கலாம். ஒரு ஆப்பில் ஒருமுறை பதிந்தால், திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையிலும் அதை வைத்தே இணையலாம். யாத்திரைக்காரர்கள் வந்து குவிகிற நம் தீவின் கடைகளுக்கு இது மெத்தப் பொருத்தம். நம் கடைத்தெருவில் யாராவது தொடங்கினால் முதல் ஆளாக நான் இணைவேன்.

இன்னொன்று. அரிச்சல்முனைப் பக்கம் போனால் சில நேரம் போன் தானாக இலங்கை டவரைப் பிடிக்கும். இது வைஃபை இல்லை, ஆனால் பழக்கம் அதேதான்: கேட்காமல் இணைவது. உன் வீட்டுக்காரர் போனில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடு.

இன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு, உன் போனையும் மாமியார் போனையும் எடுத்து அந்த 'சேவ்டு நெட்வொர்க்ஸ்' பட்டியலைத் திற. தெரியாத பெயர், பழைய பெயர் எல்லாவற்றையும் அழி. ஞாயிற்றுக்கிழமை அக்காள்மடம் வரும்போது எத்தனை அழித்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.