போதாமையை ஆங்கிலத்தில் எழுதும் முறை

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தங்கள் விண்ணப்பங்களைத் தமிழிலேயே எழுதலாம். அதற்குத் தடை யாதுமில்லை. ஆயினும் பாங்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலியவற்றிற்கு ஆங்கிலத்தில் எழுத நேருங்கால், ஒரு சிறு சொல் பிழைபட்டாலும், குறையைச் சொல்ல வந்த கடிதம் குறையில்லையென்று சாட்சி சொல்லிவிடும்.

ஏரியில் நீர் போதவில்லை என்று தெரிவிக்க விரும்பும் ஒருவர், 'தேர் இஸ் எ லிட்டில் வாட்டர்' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'சிறிது நீர் இருக்கிறது' என்பதே இதன் பொருள். படிக்கிறவர், பயிர் பிழைத்துக்கொள்ளும் என்றெண்ணி அடுத்த காகிதத்தை எடுப்பார். அந்த 'எ' என்னும் ஓரெழுத்தை நீக்கி, 'தேர் இஸ் லிட்டில் வாட்டர்' என்றெழுதினால், 'நீர் சொற்பமே, போதாது' என்றாகும். தமிழில் 'கொஞ்சம் இருக்கிறது' என்பதற்கும் 'கொஞ்சந்தான் இருக்கிறது' என்பதற்கும் உள்ள பேதம் இதுவே. நாம் ஒரு சொல்லைக் கூட்டிக் காட்டுவதை ஆங்கிலேயர் ஒன்றைக் கழித்துக் காட்டுகின்றனர்! மூட்டை, மாடு போன்று எண்ணத்தக்கவற்றிற்கு 'லிட்டில்' வராது, 'ஃபியூ' வரும். 'எ ஃபியூ பேக்ஸ்' எனில் சில மூட்டைகள் உண்டு. 'ஃபியூ பேக்ஸ்' எனில் மிகச் சிலவே. ஐயமுற்றோர் 'ஒன்லி எ லிட்டில்', 'ஒன்லி எ ஃபியூ' என்றெழுதுவது பத்திரமான வழி.

'தி ரெயின் இஸ் லெஸ்' என்று நம்மவர் அடிக்கடி எழுதுவதுண்டு. எதனினும் குறைவு என்று கேட்டால் விடையில்லை. சென்ற ஆண்டினும் குறைந்த மழை பயிருக்குப் போதியதாகவும் இருக்கலாமன்றோ? 'நாட் எனஃப் ரெயின்' என்பதே தக்கது. 'எனஃப்' பெயர்ச்சொல்லுக்கு முன்னும், பண்புச்சொல்லுக்குப் பின்னும் நிற்கும். ஆதலின் 'தி வெல் இஸ் நாட் டீப் எனஃப்' என்பது சரி. 'நாட் எனஃப் டீப்' என்பது பிழை.

'ஹார்ட்லி எனி ரெயின்' என்றால் மழை இல்லையென்றே சொல்லலாம் என்பது கருத்து. எதிர்மறை அதனுள்ளேயே அடங்கியிருப்பதால் 'நோ', 'நாட்' சேர்த்தல் ஆகாது.

மண் பரிசோதனையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவிற்குக் குறைந்தால் 'லோ' எனக் குறிப்பர். அறவே இல்லையென்று அதற்கு அர்த்தமன்று.

எத்தொடரினும் தொகையே வலிது. 'வீ நீட் டென் பேக்ஸ் ஆஃப் யூரியா. வீ ஹேவ் சிக்ஸ். வீ ஆர் ஃபோர் பேக்ஸ் ஷார்ட்' என்று எழுதுக. தொகை தெரியாவிடில் 'வீ ஆர் ஷார்ட் ஆஃப் யூரியா' என்க. அங்கே 'ஆஃப்' விடுபடலாகாது.