தகட்டு மேசையிலிருந்து தலைமைப் பொறுப்புக்கு

பேரங்காடிக்குச் செல்பவர்களில் தலையை உயர்த்திக் கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் நீண்டு, மரக்கிளைகள்போல் பிரிந்து செல்லும் பெரிய குழாய்கள் தென்படும். குளிர்சாதன இயந்திரத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கடைகளுக்குக் கொண்டுசெல்லும் காற்றுக்குழாய்கள் அவை. அவை அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. தட்டையான உலோகத் தகட்டை அளந்து, வெட்டி, மடித்து, ஓரங்களை ஒன்றோடொன்று பூட்டிச் செய்யப்பட்டவை. மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை அறைக்குத் தூய காற்றைக் கொண்டுவரும் குழாய், உணவகத்தில் அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் கூண்டு, கட்டடத்தின் உலோகக் கூரை ஆகியவையும் இதே தொழிலில் உருவாகின்றன.

தகட்டு வேலை என்றதும் சுத்தியலும் கத்தரியும்தாம் நம் நினைவுக்கு வரும். உண்மையில் இத்தொழிலுக்குக் கைவலிமையைவிடக் கணக்கே முதன்மையானது. சதுர வாயுள்ள ஒரு குழாயை வட்ட வாயுள்ள மற்றொரு குழாயுடன் இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் வரும் இணைப்புத் துண்டைத் தட்டையாக விரித்தால் அது எந்த வடிவில் இருக்கும் என்பதைத் தொழிலாளர் முன்கூட்டியே வரைந்தாக வேண்டும். வடிவியல் தெரியாதவர் வெட்டினால் தகடு வீணாகும். தகட்டின் தடிமனைக் ‘கேஜ்’ என்னும் எண்ணால் குறிப்பர். புதியவர்களைத் தடுமாற வைக்கும் அளவு இது. ஏனெனில், எண் கூடக்கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும். நாகப்பூச்சு இரும்புத் தகட்டில் 26 கேஜ் என்பது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 18 கேஜ் தகடோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தடித்தது. இன்று வரைதல் வேலையில் பெரும்பகுதி கணினிக்கு மாறிவிட்டது. ஆயினும், கணினி காட்டும் வடிவம் சரியா என்று சொல்ல, அதைக் கையால் செய்து பழகியவர் தேவைப்படுகிறார்.

வட அமெரிக்காவில் இத்தொழிலாளர்களுக்கு 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்ட தொழிற்சங்கம் ஒன்று உள்ளது. இலினொய் மாநிலத்தின் பியோரியா நகரத் தகரத் தொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்த ராபர்ட் கெல்லர்ஸ்ட்ராஸ், சிதறிக் கிடந்த சிறு சங்கங்களை ஒன்றுசேர்க்க முயன்றார். அதன் பயனாக 1888ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பொதுச் சங்கம் தோன்றியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளைகளைக் கொண்ட அச்சங்கம், பின்னர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் ஒன்றுடன் இணைந்தது. இன்று அது ‘ஸ்மார்ட்’ என்னும் சுருக்கப் பெயரால் அழைக்கப்படுகிறது. அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர்.

இச்சங்கத்தின் வழியாகத் தொழிலுக்குள் நுழைபவர் முதலில் தொழில் பழகுநர் ஆகிறார். பயிற்சி நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் நீடிக்கும். பகலில் கட்டுமானத் தளத்திலோ பட்டறையிலோ வேலை; அதனுடன் பயிற்சி நிலையத்தில் வகுப்புகள். பல்கலைக்கழக மாணவர் கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் அதே வயதில், பழகுநர் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார். தொடக்கத்தில் அவருடைய ஊதியம், முழுத்தகுதி பெற்ற தொழிலாளர் பெறும் ஊதியத்தில் பாதியளவே இருக்கலாம். பயிற்சியில் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் அது உயரும். பயிற்சிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. தொழிலாளர்கள் செய்யும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் ஒரு சிறு தொகையைக் குத்தகையாளர்கள் பயிற்சி நிதிக்குச் செலுத்துகிறார்கள். அத்தொகை கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். பயிற்சியை நடத்துவதும் இரு தரப்பும் அமர்ந்திருக்கும் கூட்டுக்குழுதான்.

பயிற்சி முடிந்தபின் பாதைகள் பிரிகின்றன. சிலர் ஓய்வுபெறும்வரை தேர்ந்த தொழிலாளராகவே இருப்பர். அது எவ்வகையிலும் தாழ்வன்று. சிலர் கணினி வரைவாளர் ஆவர். சிலர், கட்டி முடித்த கட்டடத்தின் ஒவ்வோர் அறைக்கும் உரிய அளவு காற்று செல்கிறதா என்று அளந்து சரிசெய்யும் வல்லுநர் ஆவர். வேறு சிலர் மதிப்பீட்டாளராகவும், தள மேற்பார்வையாளராகவும், பயிற்றுநராகவும் உயர்வர்.

இன்னொரு பாதை சங்கப் பொறுப்புகளை நோக்கிச் செல்கிறது. அதன் முதற்படி பணியிடப் பிரதிநிதி. அவருக்குத் தனி அலுவலகம் கிடையாது. மற்றவர்களைப்போலவே தகட்டை வெட்டிக்கொண்டும் ஏணியில் ஏறிக்கொண்டும் இருப்பார். ஆனால், சட்டைப் பையில் ஒப்பந்த நூல் இருக்கும். உயரத்தில் வேலை செய்ய வேண்டிய பழகுநர் ஒருவருக்குப் பாதுகாப்பு வார் தரப்படவில்லை என்று கொள்வோம். பழகுநர் இளையவர், வேலை போய்விடுமோ என்று அஞ்சி வாய் திறக்கமாட்டார். அவருக்காகப் பேச வேண்டியவர் பிரதிநிதி. கத்திப் பேசினால் மேற்பார்வையாளரின் தன்மானம் குறுக்கே நிற்கும். மெல்லப் பேசினால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று காரியம் தள்ளிப்போகும். நாளை அதே மேற்பார்வையாளருடன் அவர் வேலை செய்தாக வேண்டும். இந்த இக்கட்டில் நிதானம் இழக்காமல் வாரை வாங்கித் தருபவரைத்தான் தொழிலாளர்கள் அடுத்த தேர்தலில் நினைவில் வைத்திருக்கிறார்கள். சங்கப் பதவிகளில் மிகச் சிறியது இது. ஆனால், மிகக் கடினமானதும் இதுவாகவே இருக்கக்கூடும்.

அடுத்த நிலையில் அமைப்பாளர் இருக்கிறார். சங்கத்தில் சேராத தொழிலாளர்களைச் சந்தித்துச் சங்கத்தின் பயனை விளக்கி அவர்களைச் சேர்ப்பது அவர் பணி. கிளை முகவர் பல பணியிடங்களைச் சுற்றிவந்து, ஒப்பந்தம் மதிக்கப்படுகிறதா என்று பார்ப்பார். கிளையின் தலைமைப் பொறுப்பில் கிளை மேலாளர் இருப்பார். உறுப்பினர்களின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படும் அவர்தான் முதலாளிகளுடனான பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்துகிறார்.

பேச்சுவார்த்தை என்பது ‘சம்பளத்தைக் கூட்டுங்கள்’ என்று கேட்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு மணி நேரத்திற்கு 2 டாலர் உயர்வு கிடைத்ததாக எடுத்துக்கொள்வோம். அந்த 2 டாலரில் எவ்வளவு கையில் கிடைக்கும் ஊதியத்திற்கு, எவ்வளவு ஓய்வூதிய நிதிக்கு, எவ்வளவு மருத்துவக் காப்புறுதிக்கு? இளம் உறுப்பினர் கையில் பணம் வேண்டும் என்பார். ஐம்பது வயதைக் கடந்தவர் ஓய்வூதியத்தைக் கூட்டச் சொல்வார். கைக்குழந்தை உள்ளவருக்கு மருத்துவக் காப்புறுதிதான் பெரிது. மூவரும் சரியாகவே பேசுகிறார்கள். அவர்களை ஒரே அரங்கில் அமர்த்திக் கணக்கை விளக்கி முடிவெடுக்கச் செய்ய வேண்டியவர் கிளை மேலாளர். ஆகவே, நிதியறிக்கையைப் படிக்கவும், சட்டச் சொற்களைப் புரிந்துகொள்ளவும், கூட்டத்தில் தெளிவாகப் பேசவும் அவர் கற்றிருக்க வேண்டும். சங்கங்கள் தம் பொறுப்பாளர்களுக்கு இவற்றில் தனிப் பயிற்சி அளிக்கின்றன.

மேல்நிலைப் பதவிகளுக்கும் வெளியிலிருந்து நிர்வாகப் பட்டதாரிகளை அழைத்து வருவதில்லை. 2015 முதல் 2023 வரை சங்கத்தின் பொதுத்தலைவராக இருந்த ஜோசப் செல்லர்ஸ், பிலடெல்பியாவின் 19ஆம் கிளையில் பழகுநராகத் தொடங்கியவர். அங்கேயே பயிற்சி ஒருங்கிணைப்பாளராகவும் பின்னர்க் கிளைத் தலைவராகவும் பணியாற்றினார். அதன்பின் பொதுச் செயலாளர் - பொருளாளர் பொறுப்பை ஏற்று, அதிலிருந்தே தலைமைக்கு வந்தார்.

பட்டறைத் தொழிலாளர் ஒருவர் தலைவராக முடியும் என்பது இவ்வமைப்பின் சிறப்பு. அதே காரணத்தால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. எல்லாத் தலைவர்களும் பழகுநர் வாயில் வழியாகவே வருகிறார்கள் என்றால், அந்த வாயிலில் யாரை உள்ளே விடுகிறார்கள்?

இக்கேள்விக்கு நியூயார்க் நகரின் 28ஆம் கிளையின் வரலாறு வருத்தம் தரும் விடையைத் தருகிறது. சங்கத்தின் சட்டதிட்டத்திலிருந்த இனப் பாகுபாட்டு விதி 1946இல் நீக்கப்பட்டது. ஆயினும், நடைமுறை மாறவில்லை. 1964ஆம் ஆண்டு மாநில மனித உரிமை ஆணையம் விசாரித்தபோது, அக்கிளையில் அதுவரை ஒரு கறுப்பின உறுப்பினரோ பழகுநரோ இருந்ததே இல்லை என்று கண்டறிந்தது. பழகுநராக விரும்புபவருக்கு ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரின் பரிந்துரை தேவைப்பட்டது. உறுப்பினர் தம் மகனையோ தம்பி மகனையோ பரிந்துரைத்தார். தந்தையிடம் மகன் தொழில் கற்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். அதில் பாசமும் உண்டு, பெருமையும் உண்டு. ஆனால், எல்லாத் தந்தையரும் ஓர் இனத்தவராக இருந்த இடத்தில் அந்தப் பாசமே மற்றவர்களுக்குப் பூட்டிய கதவாயிற்று. பரிந்துரைப்பவர் எவர் மீதும் வெறுப்புக் கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. விளைவு ஒன்றுதான்.

1971இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1975இல் மாவட்ட நீதிமன்றம் கிளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விசாரணையில் வெளிவந்த செய்திகளுள் ஒன்று மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். பழகுநர் நுழைவுத் தேர்வுக்கு உறுப்பினர்களின் உறவினருக்கும் நண்பர்களுக்கும் சிறப்பு வகுப்புகள் நடந்தன; அவற்றுக்குச் சங்க நிதி செலவிடப்பட்டது. அத்தேர்வோ தொழில் திறனை அளப்பதாகவும் இல்லை. நகரத் தொழிலாளர் தொகையில் வெள்ளையரல்லாதாரின் பங்கைக் கணக்கிட்ட நீதிமன்றம், 1981 ஜூலைக்குள் உறுப்பினர்களில் 29 விழுக்காட்டினர் அவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு விதித்தது. 1982இல் பார்த்தபோது 10.8 விழுக்காட்டினரே இருந்தனர். நீதிமன்றம் கிளைக்கு 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. அத்தொகை, வெள்ளையரல்லாத இளைஞர்களைத் தொழிலுக்குக் கொண்டுவரும் நிதியில் சேர்க்கப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. எண்ணிக்கையில் இலக்கு வைப்பது நியாயமா என்பது அங்கே கடுமையாக விவாதிக்கப்பட்டது. தனிப்பட்ட முறையில் பாகுபாட்டால் பாதிக்கப்படாத ஒருவருக்கு அவருடைய இனத்தைக் கருதி வாய்ப்பளிப்பது சட்டத்திற்குப் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது, நீதிபதிகளும் பிளவுபட்டனர். 1986 ஜூலை 2ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் ஐவரின் ஆதரவுடன் கீழ் நீதிமன்றத்தின் உத்தரவு உறுதி செய்யப்பட்டது. நீண்டகாலமாகத் தொடரும் கடுமையான பாகுபாட்டைக் களைய இத்தகைய உத்தரவு இடப்படலாம் என்று நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதினார்.

கதவு திறந்தது. ஆனால், உள்ளே நுழைந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் காத்திருந்தது. கட்டுமானத் தொழிலில் ஆண்டு முழுவதும் ஒரே முதலாளியிடம் வேலை இருப்பதில்லை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் மற்றவர்களைவிடக் குறைவான மணி நேரமே வேலை பெற்று வந்தது தெரியவந்தது. மணி நேரம் குறைந்தால் ஊதியம் மட்டுமா குறையும்? ஒப்பந்தப்படி மணிக்கணக்கில் செலுத்தப்படும் ஓய்வூதியத் தொகையும் குறையும். பல தளங்களில் வேலை செய்து பெயர் எடுக்கும் வாய்ப்பும் குறையும். வேலைத்தளத்தில் அறிமுகமில்லாதவர் மேற்பார்வையாளராவதோ தேர்தலில் வாக்குப் பெறுவதோ கடினம். தலைமைக்கான தகுதிகளைச் சட்டதிட்டத்தில் தேடுபவர்களுக்கு இது தென்படாது. வேலை நேரப் பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

அந்தக் குறையை ஈடுசெய்யும் உடன்பாடு 2015ஆம் ஆண்டு எட்டப்பட்டது. 1991 முதல் 2006 வரையிலான காலத்தில் இழந்த வேலை நேரத்திற்காகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 12 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகை வழங்க 28ஆம் கிளை இசைந்தது. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் 20 வயதில் பழகுநராகச் சேர்ந்த ஒருவர், இந்த உடன்பாடு கையெழுத்தானபோது 60 வயதை எட்டியிருப்பார்.