நீங்களும் நிங்ஙளும்

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் மலையாளப் பெரியவர் ஒருவரை மரியாதையாகவே 'நிங்ஙள்' என்றேன்; அவர் முகம் வாடிவிட்டது. என் பிழை என்ன?

பதில்: உங்கள் உள்ளத்தில் பிழையில்லை, சகோதர பாஷைகள் இரண்டும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு ஸ்தானம் அளித்துவிட்டன. தமிழில் 'நீங்கள்' பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாயிருக்க, மலையாளத்தில் 'நிங்ஙள்' பலரையோ சமவயதினரையோ குறிக்கவே பெரிதும் வழங்குவதால், மூத்தவரிடம் சொல்லும்போது பல இடங்களில் அலட்சியமாக ஒலிக்கும். 'வந்தீர்களா' என்னும்போது நம் வினைமுற்றே மரியாதையைச் சுமந்துவிடுகிறது. மலையாள வினையோ அவ்விகுதிகளை இழந்து, 'வந்நு' என்று எல்லோருக்கும் பொதுவாய் நிற்பதால், அப்பாரம் முழுவதும் விளிச்சொல்லின்மீது விழுகிறது. ஆகவேதான் மலையாளிகள் முன்னிலைச் சொல்லையே தவிர்த்து, 'சேட்டா' என்று உறவாலோ, 'மாஷே', 'சாரே' என்று பதவியாலோ அழைக்கிறார்கள். அதுவும் அழகிய பண்பே.

தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் வாழும் நம்மவர், தாயைப் பிரியத்துடன் 'நீ' என்றும், அயலாரை 'நீங்க' என்றும், அலுவலகத்தில் 'சார்' என்றும் ஒரே நாளில் மாறிமாறிப் பேசும் லாவகம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. மனு எழுதுகையில் மட்டும் தயங்கவேண்டாம்: தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருப்பதால், அங்கே நம் 'தாங்கள்' தாராளமாக வரலாம். அப்பெரியவரை மீண்டும் சந்தித்தால், 'சேட்டா' என்று தொடங்குங்கள்.