எழுத்தாளனின் அவை

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 72ஆம் அதிகாரம் ‘அவையறிதல்’. 73ஆம் அதிகாரம் ‘அவையஞ்சாமை’. கேட்போர் யார், அவர்தம் தகுதி யாது என்று அறிந்து பேசுக என்பது முன்னதன் கருத்து. அறிந்தபின் அவர்முன் நடுங்காதே என்பது பின்னதன் கருத்து. அமைச்சர்க்கு உரைத்தவையே ஆயினும், எழுதுகோல் பிடிக்கும் எவருக்கும் இவை பொருந்தும். அவையை அறியாதவன் சொல் வீணாகும். அவைக்கு அஞ்சுபவன் சொல் வெளியே வாராது. எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவை இவ்விரு சொற்களையும் அளவுகோலாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணெதிரே இருந்த அவை

பழந்தமிழ்ப் புலவனுக்கு வாசகன் யார் என்ற ஐயம் எழுந்ததில்லை. நூல் அரங்கேறியாக வேண்டும். அரங்கில் கற்றோர் அமர்ந்திருப்பர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. தடை எழுப்புவோரும் விடை கூறுவோரும் ஒரே கூடத்தில் இருந்தனர். ‘அவையடக்கம்’ என்னும் மரபு இச்சூழலில் செழித்தது. பாற்கடலை நக்கிக் குடிக்க முயன்ற பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் கம்பரை நாம் அறிவோம். ஆனால் அவ்வளவு பணிவாகத் தொடங்கியவர் காப்பியத்தில் எங்கும் பணிந்து பாடவில்லை. வான்மீகத்தைத் தம் மரபுக்கேற்ப மாற்றவும் அவர் தயங்கவில்லை. அடக்கம் வேறு, அச்சம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத அவை

அச்சு இயந்திரம் வந்ததும் இந்த உறவு மாறியது. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. 1893 முதல் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேக சிந்தாமணி’யில் தொடர்ந்து வந்தது. எழுதியவர் ஓர் ஊரில். படித்தவர் எங்கோ ஒரு திண்ணையில். அவர் நகைத்தாரா, கண்ணீர் விட்டாரா, பாதியில் மூடி வைத்தாரா என்பதை எழுதியவர் நேரில் காண வழியில்லை. அவைக்கும் எழுத்தாளனுக்கும் இடையே எஞ்சியது அஞ்சல் ஒன்றே.

இந்தக் காணாத அவையை இரு பெரும் எழுத்தாளர்கள் இரு வேறு வகையில் எதிர்கொண்டனர். ஒருவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. வாசகரை அருகில் அமர்த்திக்கொண்டு பேசும் நடை அவருடையது. கதை முடிந்தபின்னும் அவ்வுறவை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று முடித்துவிட்டதாகக் குறைபட்ட வாசகர்களுக்கும், பாத்திரங்களின் பிற்கால வாழ்வு என்னவாயிற்று என வினவியோர்க்கும் நூலின் முடிவுரையில் பொறுமையாக விடை பகர்ந்தார்.

மற்றவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’ தொகுதியின் முன்னுரையில் உலகை உய்விப்பதோ கலையை வளர்ப்பதோ தம் நோக்கம் அன்று என்று அறிவித்து, வாசகனை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது வாசகனைப் புறக்கணிப்பது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. வருபவன் யார் என்று கவலைப்படாதவன் வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்கவிடுவதில்லை. நீதி தேடி வருபவன் ஏமாறக் கூடாதே என்ற நேர்மைதான் அங்கே பேசுகிறது.

கல்கியிடம் அவையறிதல் மிகுதி. புதுமைப்பித்தனிடம் அவையஞ்சாமை மிகுதி. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடிவந்த நிகழ்ச்சி ஒன்று தமிழில் உண்டு.

வாசகனோடு வழக்காடியவர்

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை வெளிவந்தது. மழை நாளில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத இளைஞனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். செய்தி அறிந்த தாய் முதலில் கொதிக்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவள் என்று கூறி ஏற்றுக்கொள்கிறாள். கதை பெரும் சர்ச்சையை எழுப்பியது. ஒரு தாய் இவ்வாறு நடந்துகொள்வது தகுமா, நடக்கக்கூடியதா என்பதே எதிர்ப்பின் சாரம்.

எழுத்தாளன் முன் அப்போது இரு எளிய வழிகள் இருந்தன. வருத்தம் தெரிவித்துப் பணிந்துபோவது ஒன்று. வாசகர்க்கு ரசனை இல்லை என்று தள்ளிவிடுவது மற்றொன்று. ஜெயகாந்தன் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். அந்தத் தாய் மன்னிக்காமல் ஊரறியக் கூவியழுதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இந்த வினாவிலிருந்து ஒரு நாவலே பிறந்தது. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தொடராக வந்து, 1970இல் நூலாகிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுவே. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது.

இங்கே நாம் நுட்பமாக நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மறுத்தவர்கள் விரும்பிய முடிவை அவர் ஏற்றுக்கொண்டார். அதன் விளைவு முழுவதையும் அவர்கள் கண்முன் நடத்திக் காட்டினார். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். உறவினர் தயவில் படித்துக் கங்கை உத்தியோகத்துக்கு வருகிறாள். ஆயினும் அவள் வாழ்வு தனிமையிலும் சீர்குலைவிலும் போய் முடிகிறது. தீர்ப்பு வழங்கியவர்களிடம், அத்தீர்ப்பு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று திரும்பக் கேட்டதே அந்நாவல். வாசகனின் எதிர்ப்பை மதித்தார், அதற்கு அடிபணியவில்லை.

கதைக்குள் ஒரு வாசகி

அந்நாவலின் கங்கை ஒரு வாசகியும் ஆவாள். ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். அதில் தன் வாழ்க்கையைக் காண்கிறாள். ஆனால் முடிவு மட்டும் வேறு. கதையில் வரும் தாய் மகளை ஏற்கிறாள். தனக்கு அது வாய்க்கவில்லை. கங்கையின் வாழ்வில் அதன்பின் நேர்வன அனைத்திற்கும் அந்த வாசிப்பே தொடக்கமாக அமைகிறது.

எழுத்தாளர்கள் வாசகரைப் பற்றி எண்ணும்போது பெரும்பாலும் பாராட்டுவோரையும் பழிப்போரையும் மட்டுமே எண்ணுகின்றனர். கடிதமே எழுதாத மூன்றாம் வாசகர் ஒருவர் உண்டு. கதையில் வரும் துன்பத்தை வாழ்ந்து கழித்தவர் அவர். தாயின் செயல் முறையா என்று பலர் விவாதித்துக்கொண்டிருக்கையில், அந்தத் தாய்க்காக ஏங்கிய மகள் எங்கோ மௌனமாகப் படித்துக்கொண்டிருப்பாள். எழுத்தாளன் அறிய வேண்டிய அவையில் முதல் இருக்கை அவளுக்கே உரியது என்பேன். பெரும்பான்மையோர் கூச்சலுக்கு அஞ்சி அன்று அவர் பேனாவை மடக்கியிருந்தால், கைவிடப்பட்டிருப்பவள் அவள்தான்.

நம் அவை

மாணவ நண்பர்களே! நாம் இதுவரை எழுதியவற்றுள் பெரும்பகுதி விடைத்தாள்களே. அங்கே நமக்கு ஒரே வாசகர். அவர் மதிப்பெண் இடுபவர். அவர் விரும்புவதை ஊகித்து எழுதி எழுதி, அதுவே எழுத்து என்று பழகிவிட்டோம். ஆண்டு மலரில் எழுதும்போதும் அப்பழக்கம் நம்மை விடுவதில்லை. ஆசிரியர் மெச்சும் சொற்களைத் தேடுகிறோம். எவரும் மறுக்க இயலாத பொதுக் கருத்துகளை அடுக்குகிறோம். மறுக்க இயலாதது பெரும்பாலும் நினைவில் நில்லாததாகவும் இருக்கிறது.

சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். வாசகரைத் தேடி நடந்தார். வாசகருக்காகத் தம் எழுத்தை நீர்க்கச் செய்யவில்லை. அவர் தேடி வந்தது நம்மைப் போன்ற மாணவர்களைத்தான் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

முடிவுரை

வாசகன் எழுத்தாளனுக்கு எசமானனும் அல்லன்; மாணாக்கனும் அல்லன். எதிரே அமர்ந்து வினவும் உரிமை பெற்ற சமமானவன். அவனை அறிவது அவனுக்குச் செய்யும் மரியாதை. அவனுக்கு அஞ்சாது உண்மையைக் கூறுவது அதனினும் பெரிய மரியாதை. அடுத்த ஆண்டு மலருக்குப் பேனாவை எடுக்கும்போது, இதை யார் பாராட்டுவார் என்ற வினாவோடு, இதற்காக யார் மௌனமாகக் காத்திருக்கிறார் என்ற வினாவையும் நாம் கேட்டுக்கொள்வோமாக.