டிட் யூ வென்ட்டா, டிட் யூ கோவா?

ஓர் ஆங்கில வாக்கியம் சரியா என்று சந்தேகம் வந்தால் பலரும் அதை வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்ப்பார்கள். தப்பாகவே கேட்டுப் பழகிய காதுக்குத் தப்பும் சரியென்றுதான் படும். வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதே வழி.

கேள்வியில்தான் சறுக்கல் அதிகம். முதலில் கேள்வியைச் சாதாரண வாக்கியமாக மாற்றி எழுதுங்கள்: 'யூ வென்ட் டு தி பேங்க்.' இறந்தகாலம் 'வென்ட்'டில் இருக்கிறது. கேள்வியாகும்போது முன்னால் வரும் 'டிட்' அந்தக் காலத்தை வாங்கிக்கொள்ளும். வினை வெறும் 'கோ' ஆகிவிடும். 'டிட் யூ வென்ட்' என்றால் இறந்தகாலம் இரண்டு தடவை வந்துவிடுகிறது. 'டஸ் ஷீ ஒர்க்ஸ்' என்பதிலும் இதே கோளாறுதான். செய்தவர் யார் என்றே கேட்டால் 'டிட்' தேவையில்லை: 'ஹூ கால்ட் யூ?'

அடுத்து, துணைவினை நிற்கும் இடம். தமிழில் கேள்விக்காகச் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று வந்துவிடுகிறது. 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதே சரி. ஆனால் ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்தால் இந்த இடமாற்றம் கூடாது: 'கேன் யூ டெல் மீ வேர் தி ஸ்டேஷன் இஸ்?' நன்றாகப் படித்தவர்களும் இங்கே 'வேர் இஸ் தி ஸ்டேஷன்' என்று போட்டுவிடுவார்கள்.

பிறகு அகராதி. பொருளோடு மூடிவிடாமல் அதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளையும் படியுங்கள். 'ரிப்ளை'க்குப் பின்னால் 'டு' வேண்டும், 'ஆன்சர்' என்ற வினைக்கு வேண்டாம், 'டிஸ்கஸ்' என்றால் 'அபவுட்' கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு வினை எந்தப் பொருளில் 'இங்' ஏற்கும் என்பதும் அவற்றில் தெரியும்: 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, 'ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்' தப்பு. உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' அப்படி 'இங்' ஏற்காது.

இன்னும் சந்தேகமா? தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். எத்தனை பக்கங்கள் வந்தன என்பதை விட்டுவிட்டு, எழுதியது யார் என்று பாருங்கள். தப்பான தொடருக்கும் முடிவுகள் குவியும். கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் இதைவிட மேல். அச்சான புத்தகங்களில் ஒரு தொடரின் புழக்கத்தை ஆண்டுவாரியாக, பிரிட்டன் தனி அமெரிக்கா தனி என்று காட்டும். இலக்கணம் திருத்தும் செயலிகள் கவனக்குறைவைப் பிடிக்கும். சில நேரம் நாம் சொல்லவந்ததையே மாற்றிவிடும் என்பதால், திருத்தத்தை ஏற்குமுன் முழு வாக்கியத்தையும் திரும்பப் படியுங்கள்.

கடைசியாக, இலக்கணம் வேறு, வழக்கு வேறு. 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்பதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. இந்தியாவுக்கு வெளியே அந்த 'குட்' விநோதமாக ஒலிக்கும், அவ்வளவுதான். குறித்த நேரத்தை முன்னதாக மாற்றுவதைச் சொல்லும் 'பிரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இந்திய வழக்காக இடம்பிடித்துவிட்டது. சென்னை அலுவலக மெயிலில் தாராளமாக எழுதலாம். லண்டனுக்குப் போகிற கடிதமென்றால் 'பிரிங் ஃபார்வர்ட்' என்று போடுங்கள்.